தாத்தா படம் நூலகத்தில் மாட்டியிருக்கிறார்கள்

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் பண்ணலாம்தான், நீ எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அம்மாவிடம் வாரம் ஒரு தடவை பேசுகிறாய், சரி. நான் அனுப்புவதில் நீல டிக் விழுகிறது, பார்க்கிறாய், அதுவும் சரி. கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் 90 கிலோமீட்டர்தான் என்று நான் சொல்லப் போவதில்லை.

விஷயம் இதுதான். நம்ம ஊர் நூலகத்தில் கடற்படைக்காரர்கள் படக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். கடல் எங்கே, கிருஷ்ணகிரி எங்கே என்று சிரிப்பாய். டிசம்பர் 4 கடற்படை நாள், அன்றைக்கு ஆரம்பித்து 16 வரைக்கும். 1971 பாகிஸ்தான் போரில் அந்த 4-ஆம் தேதி ராத்திரி நிபாத், நிர்காட், வீர் என்று மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சிவரை போய் அடித்துவிட்டு வந்தன, அந்தப் படமெல்லாம் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் வீட்டுப் படங்களையும் கேட்டு வாங்கினார்கள். நம் தாத்தா படிக்கட்டு ஏறினதும் இடது பக்கம், மூன்றாவது.

நீ வேலை செய்கிற இடத்தில் தரை ஈரமாக இருக்குமோ என்னவோ, எதற்கும் நல்ல ரப்பர் அடி வைத்த ஷூ வாங்கிக்கொள். மலிவானது வேண்டாம், பணம் வேண்டுமானால் சொல்.

நம்ம குக்ரி போர்க்கப்பல் படத்துக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடே போய்விட்டார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த 176 பேரில் பாத்திரம் கழுவினவர், மாவு பிசைந்தவர் எத்தனை பேரோ என்று யோசித்துக்கொண்டே நின்றேன். இதற்கு முன்னால் எனக்கு அப்படி யோசிக்கத் தோன்றியதே இல்லை.

தாத்தா இருந்த விமானந்தாங்கிக் கப்பல், அந்தப் பழைய விக்ராந்த், அதன் படமும் இருக்கிறது. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி தேடி வந்ததே அதைத்தானே. விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் நிற்கிறது என்று நம்பி வந்து, அந்தத் துறைமுகத்து வாசலிலேயே காஸி மூழ்கிப்போனது. விக்ராந்தோ அந்தமான் பக்கம் இருந்தது. நான்கு கொதிகலனில் ஒன்றில் விரிசல், வேகமாக ஓட முடியாது, அந்த நொண்டிக் காலோடுதான் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில் காக்ஸ் பஜாருக்கும் சிட்டகாங்குக்கும் குண்டு போட விமானங்களை அனுப்பியது. அப்பேர்ப்பட்ட கப்பலை 2014-இல் உடைத்துப்போட்டார்கள். அந்த இரும்பைக் கலந்து பஜாஜ் பைக் வந்தபோது நீ கேட்டாய், நான் மைலேஜ் கணக்குப் பேசினேன். வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார்கள். 'ஐயா, உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க' என்று என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இந்த வரியை எழுதிவிட்டு நானே நிறுத்திவிட்டேன், ஏனென்றால் படத்துக்குக் கீழே அட்டையில் எழுதியிருப்பதே பொய். 'விக்ராந்த் கப்பலில் விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்.' படம் கொடுத்த அன்று என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார்கள், என் வாயில் அதுதான் வந்தது. 61 வயதில்.

ஒரு பையன், ஐந்தாவது படிப்பான், 'கப்பல்ல என்ன சாப்பிடுவாங்க?' என்று கேட்டான். நான் ஆரம்பித்துவிட்டேன் பார். ஆயிரம் பேருக்கு மேல் இருந்த கப்பல், விடியலில் சப்பாத்திக்கு மாவு பிசைய ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கணும், கப்பல் சாயும்போது குழம்புப் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, சண்டை நேரத்தில் மணி அடித்து உட்கார்ந்து சாப்பிட முடியாது, ஆள் நிற்கிற இடத்துக்கே டீயும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு போகணும், படிகள் செங்குத்து, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் வாளி. தாத்தா உனக்குச் சொன்னதெல்லாம் அப்படியே வந்தது. நீ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன், அப்படியும் காதில் விழுந்திருக்கிறது. கடைசியில் அந்தப் பையன், 'பீரங்கி சுடுறவருக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?' என்றான். டீச்சர் அவனை அதட்டி உட்கார வைத்தார். நான் மைக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் படத்தில் தாத்தாவின் வலது பக்கம் ஏன் இல்லை என்று சின்ன வயதில் கேட்டாயே, கரையான் அரித்துவிட்டது என்றேன். கரையான் இல்லை தம்பி. ஆறாவது படிக்கும்போது நான்தான் கத்தரியால் வெட்டினேன். அந்தப் பக்கத்தில் பெரிய அலுமினிய அண்டா, அதன் மேல் அவர் கை. கிளாஸில் காட்ட வேண்டியிருந்தது, நான் ஏற்கெனவே பீரங்கி என்று சொல்லி வைத்திருந்தேன். வெட்டினதைத் தாத்தா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை. அடித்திருந்தால்கூட ஆறிப்போயிருக்கும்.

போன மாதம் ஓசூர் மாமா உன்னைப் பார்த்ததாகச் சொன்னார். எங்கே, என்ன உடுப்பில் என்றும் சொன்னார். நான், 'வேற யாரையோ பாத்திருப்பீங்க' என்றேன்.

அட்டையை மாற்றச் சொல்லி நேற்று நூலகத்தில் கேட்டேன். மாற்றலாம், எழுத்தில் ஏதாவது காட்டுங்கள் என்றார்கள், நியாயம்தான். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக் உன் பச்சைப் பெட்டியில் இருக்கிறது, அவர் உன்னிடம்தான் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு வா. அட்டையில் என்ன எழுதணும் என்பதை நீயே எழுதிவிடு, நான் எழுதினால் இன்னும் எங்காவது ஒரு பீரங்கி வந்துவிடும்.

எண்ணெய் தெறித்தால் உடனே தண்ணீரில் காட்டு, பேஸ்ட் எல்லாம் தடவாதே. ஷூ வாங்கு. அம்மா பச்சை அவரைக்கொட்டை வாங்கி உரிக்காமல் வைத்திருக்கிறாள், நீ வந்தால்தான் களி கிண்டுவாளாம், எனக்கு ரசம் சோறுதான் நாலு நாளாக.

சனி ஞாயிறு உனக்கு நிற்க நேரம் இருக்காது என்று தெரியும். செவ்வாய்க்கிழமை வா.

அப்பா