குதிரை பேட்டி கொடுக்காது

அன்புள்ள மகளுக்கு,

நலம்தானே? போன வாரம் போனில், "ரெண்டு நிமிஷம் ஓடுற குதிரைக்காக மூணு மணி நேரம் டிவி முன்னால உட்கார்ந்திருக்கியேம்மா, அப்படி என்னதான் பேசுவாங்க?" என்று கேட்டாய். கேட்ட வேகத்தில் வேறு கால் வருகிறது என்று வைத்தும் விட்டாய். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

மற்ற விளையாட்டுகளில் ஜெயித்தவர் மைக் முன்னால் வந்து நிற்பார். என்ன நினைத்தேன், எங்கே பயந்தேன் என்று அவரே சொல்லிவிடுவார். குதிரைப் பந்தயத்தில் நாயகனுக்கு வாய் கிடையாது. ஓடி முடித்ததும் மேலே தண்ணீர் ஊற்றி, நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அதற்காகப் பேச ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. காலையில் தீவனத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது என்று பயிற்சியாளர் சொல்வார். கடைசித் திருப்பத்தில் அதுவாகவே வேகம் எடுத்தது என்பார் அதன்மேல் ஏறி ஓட்டிய ஜாக்கி. இதன் தாத்தாவும் ஈரத் தரையில்தான் நன்றாக ஓடும் என்று ஒருவர் வம்சாவளியை எடுத்துப் பேசுவார். குதிரை இதில் எதையும் ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. உலகத்தில் வேறு எந்த விளையாட்டுச் செய்தியிலும் எனக்கு இந்தச் சுவை கிடைத்ததில்லை.

பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள், பார்த்திருப்பாய். அதைப் பார்த்துக் கணிப்பு சொல்வதற்கென்றே டிவியில் ஆள் உண்டு. தோல் மினுமினுப்பு எப்படி, கழுத்தில் வியர்வை நுரைத்திருக்கிறதா, காது முன்னால் நிற்கிறதா பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். நல்ல கண் உள்ளவர் பேசினால் அதுவே ஒரு பாடம். ஒரு மிருகத்தை இவ்வளவு கவனமாகப் பார்க்க முடியும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அதே ஆள் பத்து நிமிஷத்தில், தான் புகழ்ந்த குதிரை கடைசியாக வந்ததற்கும் காரணம் சொல்லத் தயாராக இருப்பார். தரை இளகி இருந்தது, புறப்படும் இடத்தில் வெளிப்பக்கக் கதவு கிடைத்தது, ஆரம்பத்தில் படபடத்துவிட்டது என்பார். அந்தக் காரணங்களையும் நான் விடாமல் கேட்பேன். அவற்றிலும் பெரும்பாலும் உண்மை இருக்கிறது.

ஆனால் என் மனதை முழுசாகப் பிடித்தவர்கள் வர்ணனையாளர்கள். அவர்கள் வேலையை யோசித்துப் பார். அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் இருபது குதிரைகள் வரை ஓடும். தூரத்தில் இருந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே பழுப்பு நிறம். ஜாக்கியின் சட்டை நிறத்தையும் தொப்பியையும் வைத்துத்தான் அடையாளம். காலையில் உட்கார்ந்து பட்டியலில் வண்ணப் பேனாவால் ஒவ்வொரு சட்டையையும் தீட்டி, பேரை அதோடு சேர்த்து மனப்பாடம் பண்ணுவார்கள். அடுத்த பந்தயம் அரை மணியில் இருக்கும்; அதற்குள் பழையதை மறந்து புதியதை ஏற்ற வேண்டும். பெயர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பந்தயக் குதிரையின் பெயர் ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்து 18 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த 18 எழுத்துக்குள்ளேயே நாக்கு சுளுக்கிக்கொள்ளும்படி பெயர் வைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

பீட்டர் ஓ'சல்லிவன் என்று பிரிட்டனில் ஒருவர் இருந்தார். 1947 முதல் 1997 வரை ரேடியோவும் டிவியுமாக, கிராண்ட் நேஷனல் என்ற வேலி தாண்டும் பந்தயத்தை ஐம்பது தடவை வர்ணித்தவர். 1974இல் செல்ட்டன்ஹாமில் டிரையம்ஃப் ஹர்டில் பந்தயத்தில் அவருடைய சொந்தக் குதிரை அட்டிவோ ஓடியது. வர்ணனையும் அவர்தான். அட்டிவோ முதலாவதாக வந்தது. மற்றக் குதிரைகளின் பெயரைச் சொல்வது போலவே அதன் பெயரையும், உரிமையாளர் பீட்டர் ஓ'சல்லிவன் என்பதையும் சொல்லி முடித்தார். நீ முதல் வகுப்பு ஓட்டப் பந்தயத்தில் ஓடியபோது நான் எப்படிக் கத்தினேன் என்று உனக்கே தெரியும். அந்த மனிதரால் எப்படி முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் மரியாதை கூடுகிறது.

இன்னொருவர் அமெரிக்காவில், க்ளெம் மெக்கார்த்தி. 1938 நவம்பரில் பிம்லிக்கோ மைதானத்தில் சீபிஸ்கட், வார் அட்மிரல் என்ற இரண்டு குதிரைகள் நேருக்கு நேர் மோதின. கோடிக்கணக்கான பேர் ரேடியோ முன்னால். கூட்ட நெரிசலில் தன் அறைக்கே போக முடியாமல், கீழே ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றபடியே அவர் வர்ணித்தார். சிறிசு என்று பலர் ஒதுக்கிய சீபிஸ்கட் நான்கு குதிரை நீளத்தில் ஜெயித்தது. ஒன்பது வருஷம் கழித்து, 1947 ப்ரீக்னஸ் பந்தயம், அதே பிம்லிக்கோ. நடுவில் கூட்டம் மறைத்துவிட்டது. ஜெட் பைலட் முந்துகிறது, ஜெட் பைலட் ஜெயித்துவிட்டது என்று நாடு முழுக்கச் சொல்லிவிட்டார். ஜெயித்ததோ ஃபால்ட்லெஸ் என்ற வேறு குதிரை. அதே ஒலிபரப்பிலேயே தவறிவிட்டேன் என்று நேயர்களிடம் சொன்னார். பெரிய ஆள்! இன்றைக்கு எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

நீ ஒரே ஒரு பழைய பந்தயம்தான் பார்ப்பாய் என்றால், 1967 கிராண்ட் நேஷனலைப் பார். லிவர்பூல் பக்கத்தில் எய்ன்ட்ரீ மைதானம். ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓட்டம், தாண்ட வேண்டிய வேலிகள் 30, ஓடிய குதிரைகள் 44. அதில் ஃபாய்னவன் என்று ஒன்று. பணம் வைப்பவர்களுக்கு ஒன்றுக்கு நூறு என்று விலை போட்டிருந்தார்கள், அதாவது யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் அதன் ஆட்களும் சேர்த்தி போல. உரிமையாளர் மைதானத்துக்கு வரவில்லை. பயிற்சியாளர் வூஸ்டரில் வேறொரு பந்தயத்தில் இருந்தார்.

இருபத்து மூன்றாவது வேலி. அந்த மைதானத்தில் உயரம் குறைந்த வேலிகளில் அதுவும் ஒன்று. முதல் வேலியிலேயே ஜாக்கியை இழந்து தனியாக ஓடிக்கொண்டிருந்த பாப்ஹம் டவுன் என்ற குதிரை அங்கே குறுக்கே திரும்பிவிட்டது. முன்னால் வந்தவை அதில் மோத, பின்னால் வந்தவை அவற்றில் மோத, குதிரைகள் நிற்க, ஜாக்கிகள் வேலியைத் தாண்டிப் பறக்க, ஒரே குழப்பம். ஃபாய்னவன் மிகவும் பின்னால் இருந்ததால், ஜாக்கி ஜான் பக்கிங்ஹமுக்கு நிலைமையைப் பார்த்து ஓரமாக வழி கண்டுபிடிக்க நேரம் கிடைத்தது. தாண்டிவிட்டார். மற்றவர்கள் குதிரையைத் தேடிப் பிடித்து மறுபடி ஏறி விரட்டுவதற்குள் அது வெகுதூரம் போய்விட்டது. கடைசியில் 15 நீளத்தில் வெற்றி.

அந்த இடத்தில் வர்ணித்தவர் மைக்கேல் ஓ'ஹெஹிர் என்ற அயர்லாந்துக்காரர். இருபது முப்பது குதிரைகள் குவிந்து கிடக்கும் நேரத்தில், வெளியே வந்த அந்த ஒரு குதிரை எது என்று அவர் தடுமாறாமல் சொன்னார். யாரும் கவனிக்காத குதிரையின் பெயர் எப்படி வாயில் வந்தது? பந்தயத்துக்கு முன் ஜாக்கிகள் அறைக்குப் போய், தெரியாத நிறமாக இருக்கிறதே, இது யாருடையது என்று பக்கிங்ஹமிடமே கேட்டு வைத்திருந்தார். ஜெயிக்காது என்று ஊரே சொன்ன குதிரைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்ட அவருடைய அக்கறைதான் எனக்குப் பந்தயத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அந்த வேலிக்கு இன்று ஃபாய்னவன் என்றே பெயர்.

2022 கென்டக்கி டெர்பியிலும் இப்படி ஒன்று நடந்தது. ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரைக்கு முதலில் இடமே இல்லை. முந்தைய நாள் வேறொரு குதிரை விலகியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தது. ஒன்றுக்கு எண்பது விலை. கேமராவும் வர்ணனையும் முன்னால் ஓடிய இரண்டு குதிரைகளோடு போய்க்கொண்டிருக்க, பின்னாலிருந்து உள்பக்கமாக இது புகுந்து வந்தது. கடைசிச் சில விநாடிகளில்தான் பெயரே ஒலித்தது. மேலிருந்து எடுத்த காட்சியைத் தனியாகப் பார், கூட்டத்துக்குள் அது சந்து சந்தாக வழி கண்டுபிடிப்பது தெரியும். ஜெயித்து முடித்த கையோடு, அழைத்துப் போக வந்த துணைக் குதிரையை அது கடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் நேரடி ஒளிபரப்பில்! அன்று மட்டும் நாயகனே பேட்டி கொடுத்தது போல இருந்தது எனக்கு.

எதிர்பார்த்ததே நடந்தும் வாயடைத்துப்போன நாளும் உண்டு. 1973இல் செக்ரட்டேரியட் என்ற குதிரையின் படம் ஒரே வாரத்தில் டைம், நியூஸ்வீக், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் மூன்றின் அட்டையிலும் வந்தது. அவ்வளவு புகழ்ந்தால் கண் பட்டுவிடுமே என்று நமக்குத் தோன்றும். ஜூன் 9 அன்று அமெரிக்காவின் பெல்மான்ட் மைதானத்தில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, 31 நீளத்தில் ஜெயித்தது. மண் தளத்தில் அந்த நேரத்தை இன்னும் எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. இரண்டாவது குதிரையைக் காட்ட கேமரா பின்னால் போய்க்கொண்டே இருந்தது. வர்ணனையாளர் சிக் ஆண்டர்சன் குரலில் ஒரு இயந்திரத்தைப் பார்ப்பது போன்ற வியப்பு. நூற்றாண்டின் 50 தலைசிறந்த விளையாட்டு வீரர்கள் என்று இஎஸ்பிஎன் பட்டியல் போட்டபோது அதில் 35ஆவது இடம் இந்தக் குதிரைக்கு. மனிதர்கள் பட்டியலில் குதிரையா என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். எனக்கு அது சரியான இடமாகத்தான் பட்டது.

எல்லாம் ஜெயித்தவர்கள் கதைதானா என்று கேட்பாய். ஜப்பானில் ஹரு உராரா என்று ஒரு பெண் குதிரை. மொத்தம் 113 ஓட்டம், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. கோச்சி என்ற சின்ன மைதானம் பணமில்லாமல் மூடப்படும் நிலையில் இருந்த நேரம், 2003இல் பத்திரிகைகள் அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தன. தோற்றுக்கொண்டே இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஓடத் தயாராக வந்து நிற்கிறாளே என்று நாடே அவள் பக்கம் சாய்ந்தது. 2004 மார்ச்சில் ஜப்பானின் முதல் தர ஜாக்கி யூத்தாக்கா தாக்கேயே வந்து அவள்மேல் ஏறினார். பதினொன்றில் பத்தாவதாக வந்தாள். ஆனாலும் ஜெயித்த குதிரையைப் போல அவளை மைதானம் சுற்றிக் கூட்டிப் போனார்கள், ஜனங்கள் கைதட்டினார்கள். மைதானமும் பிழைத்தது. பத்திரிகை எழுத்து செய்த நல்ல காரியங்களைக் கணக்கெடுத்தால் இதை முன்வரிசையில் வைப்பேன்.

போட்டோ ஃபினிஷ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாது. அந்தப் படம் ஒரு கணத்தின் படம் இல்லை. கேமரா எல்லைக்கோட்டை மட்டும் மெல்லிய கீற்று வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். யார் எப்போது அந்தக் கோட்டைத் தொட்டார்களோ அதைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும். அதனால் படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் இல்லை, நேரம். சில குதிரைகளின் கால் நீண்டு வளைந்து தெரிவதும் அதனால்தான். மூக்கு நுனியில் வெற்றி என்று அறிவிக்கும்போது இதை நினைத்துக்கொள்.

குறையும் உண்டு. குதிரை விழுந்தால் கேமரா உடனே வேறு பக்கம் திரும்பிவிடும். சுற்றித் திரை கட்டுவார்கள். அந்தக் காட்சியைக் காட்ட வேண்டாம், சரி. ஆனால் அது எழுந்ததா, பிழைத்ததா என்று அன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். ஜெயித்த குதிரையின் கொள்ளுப்பாட்டி வரைக்கும் சொல்கிறவர்கள், விழுந்ததைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போனால் எனக்கு அன்று இரவு சோறு இறங்குவதில்லை. திரையில் எந்நேரமும் ஓடும் விலைப்பட்டியலும் கண்ணை உறுத்துகிறது. நான் பணம் வைப்பதில்லை, நீயும் வைக்காதே. அந்த எண்களைக் கூட்டத்தின் அபிப்பிராயம் என்று மட்டும் பார்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பைப் பந்தயம், 2015இல் நடந்ததை மறந்துவிட்டேன் பார். பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ், அதுவும் ஒன்றுக்கு நூறு. ஓட்டியவர் மிஷெல் பெய்ன், அந்தக் கோப்பையை ஜெயித்த முதல் பெண் ஜாக்கி. குதிரையைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய அண்ணன் ஸ்டீவி. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், புறப்படும் கதவுக்கான சீட்டை எடுத்து முதல் எண்ணைக் கொண்டுவந்தவரும் அவரே. பெண்களுக்கு இந்த விளையாட்டில் பலம் போதாது என்றவர்களுக்கு மிஷெல் மைக்கில் கொடுத்த பதிலைத் தேடிக் கேள். சுருக்கமாகவும் காரமாகவும் இருக்கும்.

அந்தக் கோப்பை ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை. 3,200 மீட்டர், மூன்று நிமிஷத்துக்கும் கொஞ்சம் மேல். அன்றைக்கு உன் மீட்டிங்கைக் கொஞ்சம் தள்ளி வை. பட்டியல் வந்ததும் சட்டை நிறங்களோடு உனக்கு அனுப்புகிறேன். யாரும் பேசாத ஒன்றை நீ எடுத்துக்கொள், நானும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். முடிந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா