மலைப்பாதையில் குளிர் குறையாமல் வந்த பாலுக்கு நன்றி

மலையகத்துத் தோட்டங்களில் இருந்து தாய்ப்பால் கறந்து அனுப்பிய அம்மாமாருக்கும், அதை எங்கள் குறைமாதக் குழந்தைகள் பிரிவுவரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும்,

வணக்கம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. யார் என்ன செய்தீர்கள், அதனால் பிள்ளையின் குடலுக்கு என்ன கிடைத்தது என்று சொல்லித்தான் நன்றி கூற வேண்டும்.

முதலில் அம்மாமாருக்கு. 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளையின் குடற்சுவர், இழை நெருங்காத கொழுந்துக்கூடை மாதிரி. கலங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். வயிற்றில் அமிலம் குறைவு, குடல் அசைவும் மந்தம். கிருமி உள்ளே புகுந்து அழற்சி மூண்டால் இரத்த ஓட்டம் குறைந்து குடலே அழுகத் தொடங்கும். வார்ட்டில் நாங்கள் ‘நெக்’ என்று சொல்லும் இந்த நோய் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வரும்; பிள்ளை தேறிவிட்டது என்று எல்லோரும் நம்பத் தொடங்கும் நேரம் அது. 1990இல் பிரித்தானியாவில் லூக்காஸ், கோல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பால்மா மட்டும் குடித்த குறைமாதப் பிள்ளைகளுக்கு இது தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்தது. பால்மாவோடு தாய்ப்பாலும் குடித்தவர்களோடு ஒப்பிட்டாலும் 3 மடங்கு அதிகம். “எனக்குக் கொஞ்சம்தான் வருது, மிஸ்” என்று தயங்கிய ஒவ்வொரு அம்மாவும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கொஞ்சத்துக்கும் பலன் உண்டு.

சீம்பாலில் உள்ள பிறபொருளெதிரிகள் குடற்சுவரின் மேல் படிந்து கிருமியைத் தடுக்கின்றன. லக்டோஃபெரின் என்ற புரதம், கிருமிக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாலில் உள்ள சில சர்க்கரைகளைப் பிள்ளையால் செரிக்கவே முடியாது. அவை நல்ல கிருமிகளுக்கான சாப்பாடு. அதனால்தான் 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் நீங்கள் சொட்டுச் சொட்டாகச் சேர்த்ததை ஒரு துளிகூட வீணாக்காமல் கன்னத்தின் உட்புறம் தடவினோம். 1200 கிராம் பிள்ளைக்கு ஆரம்பத்தில் தேவைப்படுவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 24 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 2 மில்லிலீற்றர்தான். குடல் தாங்குவதைப் பார்த்துப் பார்த்து அதை மெல்லக் கூட்டுகிறோம்.

நுவரெலியாக் குளிரில் நடுச்சாமத்தில் எழும்பிக் கறப்பது லேசான வேலையில்லை. ஆனால் பால் சுரக்கவைக்கும் ஹோர்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். பிள்ளை மார்பில் சப்பாத நிலையில், 24 மணித்தியாலத்தில் 8 தொடக்கம் 10 தடவை கறக்காவிட்டால் இரண்டாம் வாரத்தில் பால் வற்றத் தொடங்கலாம். அந்த நேரம்தான் பிள்ளைக்கு ஆபத்தான நேரமும்.

குடும்பநல மாதர்களே, லயத்துக்கு லயம் ஏறி இறங்கி நீங்கள் கைப்பழக்கம் சொல்லிக்கொடுத்ததால்தான் பால் வந்தது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் காம்பிலிருந்து 2, 3 சென்டிமீற்றர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப்பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, பிறகு விடுவது. பலர் காம்பையே பிதுக்குகிறார்கள், அல்லது விரலைத் தோலில் வழுக்கி இழுக்கிறார்கள். புண்தான் மிஞ்சும், பால் வராது. முதல் சில நிமிடம் ஒன்றும் வராவிட்டால் பயந்து நிறுத்தக்கூடாது என்பதையும் நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள்.

பஸ் நடத்துநர்களுக்கும், ஆட்டோக்காரத் தம்பிமாருக்கும், கொழுந்து லொறிச் சாரதி அண்ணன்மாருக்கும்: பால் போத்தல் வைத்த ரெஜிபோம் பெட்டியை எஞ்சின் சூடு படாமல் தள்ளி வைத்தீர்களே, அது பெரிய உதவி. குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்த பால் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே 24 மணித்தியாலம் தாங்கும். வெளியில் வைத்தால் புதிதாகக் கறந்த பாலே 4 மணித்தியாலம்தான். மலைநாட்டுக் குளிரை நம்பிச் சும்மா பையில் போட்டு அனுப்பக்கூடாது, மூடிய பஸ்ஸுக்குள் வெயில் ஏறிவிடும். போத்தலில் அம்மாவின் பெயர், திகதி, கறந்த நேரம் மூன்றும் இருந்தால் எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. புதுப்பாலை முதலில் கொடுப்போம், உறையவைத்ததைப் பிறகு. உறையும்போது பாலில் உள்ள உயிர்க்கலங்கள் அழிந்துபோகும். உறையவைக்கும் போத்தலை விளிம்புவரை நிரப்பாதீர்கள், வெடித்துவிடும். உருகியதைத் திரும்ப உறையவைக்கவும் வேண்டாம்.

பிரசவத்துக்கு முன்பே, இடம்மாற்றி அனுப்பும் அவசரத்திலும் ஸ்டீரொயிட் ஊசியின் முதல் டோஸைப் போட்டு அனுப்பிய ஆதார வைத்தியசாலை டொக்டர்மாருக்கு நன்றி. அந்த ஊசி நுரையீரலுக்கு மட்டுமல்ல, குடலுக்கும் காப்பு.

பாட்டிமாருக்கு எங்கள் தனி நன்றி. வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் சேனை வைக்காமல், கொத்தமல்லித் தண்ணியும் கொடுக்காமல் விட்டீர்கள். காலங்காலமாகச் செய்துவந்ததை, டொக்டர் சொன்னார் என்பதற்காக நிறுத்த எவ்வளவு மனசு வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். விறகடுப்புப் புகை படாத மூலையில், அம்மாவின் நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையைக் கட்டிவைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். குளிரில் விறைத்த பிள்ளைக்குப் பால் செரிக்காது.

இன்னும் ஒன்று. வயிறு உப்பிப் பளபளத்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வரும்போது அதுவரை கறந்து வைத்த பாலையும் பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள். குடலுக்கு ஓய்வு கொடுக்கச் சில நாள் பாலை நிறுத்தவேண்டி வந்தாலும், திரும்பத் தொடங்கும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நன்றியுடன்,
குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தாதியரும் வைத்தியர்களும்