கோழி முதுகு உயரம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இப்போது தேறிவிட்டாள். 84 வயதில் கஞ்சிகூட இறங்காமல் படுத்திருந்த நாளிலும் என்னைக் கூப்பிட்டு அவள் கேட்டது, "கோழிக்குத் தண்ணி வச்சியா?" என்றுதான். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனது லேசானது. ஒரு மாதத்துக்குத் தூசியில் இறங்க விடாதே. கோழிக் குடாப்பைக் கூட்டுகிற வேலையை நீயே பார்த்துக்கொள்.

ஆறு கோழி வாங்கியிருக்கிறாய், எந்தத் தீவனப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே. உன் வீட்டுப் பரணிலும் பின்கட்டிலும் கிடக்கிற சாமான்களே பாதி வேலைக்கு ஆகும். தீவனத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் தண்ணீர். ஒரு நாள் தீனி குறைந்தால் கோழி சமாளித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் ஒரு பகல் தண்ணீர் இல்லாவிட்டால் சமாளிக்காது. நமக்கு வியர்ப்பதுபோல் அதற்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, அதில் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஓட்டை எடுத்துவிட்டால் முட்டையில் முக்கால் பங்கும் தண்ணீர்தான். அதையும் இதே உடம்புதான் கொடுக்க வேண்டும்.

போன வருஷம் நடந்ததை உனக்கு நான் எழுதவில்லை, எழுத மனம் வரவில்லை. ஒரு பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் நாலு நிப்பிள், அதாவது கோழி கொத்திக் குடிக்கிற சின்ன முனை, மாட்டித் தொங்கவிட்டிருந்தேன். கொத்தினால் சொட்டும், சிந்தாது, அழுக்காகாது. ஒரு வாரம் தினமும் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் பழனியில் ஒரு கல்யாணம். இரண்டு நாளுக்குக் காணட்டும் என்று வாளியை நிரப்பி, தூசி விழக்கூடாதே என்று மூடியை இறுக்கி அடித்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு கோழி செத்துக் கிடந்தன. மற்றவை முருங்கை நிழலில் இறக்கையை விரித்து, அலகைப் பிளந்துகொண்டு கிடந்தன. வாளியில் தண்ணீர் முக்காலுக்கு மேல் அப்படியே இருந்தது. தண்ணீர் கீழே இறங்க வேண்டுமானால் மேலே அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடி இறுகி இருந்ததால் காற்று வரவில்லை. கொஞ்சம் சொட்டியிருக்கும், அதன் பிறகு நின்றுபோயிருக்கும். மூடிக்குக் கீழே ஓர் ஆணித் துளை போட்டிருந்தால் அந்த இரண்டும் பிழைத்திருக்கும். எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் காற்றழுத்தம் நடத்தியிருக்கிறேன். அந்த வலி இன்னும் போகவில்லை, வசந்தா.

அதனால்தான் உனக்குத் தட்டில் வைக்கிற கேனைச் சொல்கிறேன். அதில் நடப்பது இதற்கு நேர்மாறு, அங்கே காற்றை அடைப்பதுதான் வேலையே செய்கிறது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை எடுத்து, எண்ணெய்ப் பசை போக நன்றாகக் கழுவிக்கொள். ஆணியைச் சூடாக்கி, அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் ஒரு துளை போடு. கேனைவிட அகலமான ஒரு தட்டில் அதை வை. தட்டின் விளிம்பு இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். துளையை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றி, மேல் மூடியை இறுக்கிவிட்டு விரலை எடு. தண்ணீர் தட்டில் இறங்கி, துளை மூழ்கியதும் தானாக நின்றுவிடும். கோழி குடிக்கக் குடிக்கத் தட்டில் மட்டம் தாழும், துளை வெளியே தெரியும், ஒரு குமிழி காற்று உள்ளே போகும், அந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே வரும். துளை எப்போதும் தட்டு விளிம்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுக் கேனும் தரையில்தான். மூடியில் கீறல் இருந்தாலும் அதே கதிதான். அந்தக் குமிழி 'குளுக்' என்று ஏறுகிற சத்தம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சாயங்காலம் பேரன் வந்தால் நானும் அவனும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

கோழி தின்கிற எடையைப்போல் சாதாரண நாளில் இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள். அடைத்து வளர்க்கிற பெரிய கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். ஆகவே உன் ஆறுக்கும் ஒன்றரை லிட்டர், கோடையில் மூன்று லிட்டர். ஐந்து லிட்டர் கேன் கோடையிலும் ஒரு நாளைக்கு மேல் வரும், ஆனாலும் தினம் காலையில் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவு. வெளிச்சம் புகுகிற கேனில் நாலு நாளில் பாசி பிடிக்கும், அதனால் ஒரு சாக்கைச் சுற்றிவிடு. சாக்கை நனைத்துவிட்டால் தண்ணீரும் சில்லென்று இருக்கும். சூடேறிய தண்ணீரைக் கோழி குடிக்காமல் ஒதுங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். குஞ்சு வந்தால் தட்டில் கூழாங்கல் பரப்பு. அம்மா இன்றைக்கும் மண்சட்டியைப் பாதி மண்ணில் புதைத்து, நடுவில் ஒரு கல்லை வைத்துத்தான் குஞ்சுக்குத் தண்ணீர் காட்டுகிறாள். கவிழாது, குஞ்சும் மூழ்காது. ஒரே குறை, தாய்க்கோழி சீய்க்கிற மண்ணெல்லாம் சட்டியில் விழும்.

தட்டைச் சுற்றித் தரை ஈரமாக விடாதே. ரத்தக்கழிச்சல் நோய் எச்சத்தில் இருந்துதான் பரவுகிறது, அந்தக் கிருமி முற்றுவதற்கு ஈரம் வேண்டும். இரண்டு செங்கல்லை வைத்து அதன் மேல் தட்டை வை. இன்னொன்று. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னால், உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை அதற்கு எடுக்காதே. மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ், குளோரின் அதைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீராகப் பார்த்து வாங்கிக்கொள்.

இனி தீவனம். தட்டில் கொட்டினால் கோழி முதலில் செய்வது அதன் மேல் ஏறி நின்று சீய்ப்பதுதான். அது அதன் பிறவிக் குணம், திட்டிப் பயனில்லை. அலகால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கும். அதனால் நாலு அங்குல பி.வி.சி. குழாய் மூன்றடி போதும். அடியில் எல்போ என்கிற வளைவுத் துண்டு, மேலே ஒரு மூடி. சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் முடிந்தது. நாலைந்து கிலோ பிடிக்கும், தின்னத் தின்ன இறங்கும். கால் உள்ளே போகாது. கம்பும் குருணையும் சோளமும் வழுக்கிக்கொண்டு வரும். தவிடு கலந்தால் நடுவில் பாலம்போல் அடைத்துக்கொண்டு நிற்கும், மேலே பார்த்தால் நிறைந்திருக்கும், கீழே கோழி பட்டினியாக நிற்கும். தவிட்டைத் தனியே பிசைந்து காலையில் கொடுத்துவிடு.

எல்போவின் வாய் உன் கோழியின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் தள்ளிச் சிந்தும், மேலே போனால் எட்டாது. வளர வளர உயர்த்து. தண்ணீர்த் தட்டுக்கும் இதே அளவுதான். என்னைக் கேட்டால் இந்த ஒரு அளவு சரியாக இருந்தால் போதும், எந்தச் சாமானில் செய்தாலும் ஓடும்.

ஆனால் உங்கள் ஊர் தென்காசி. எங்கள் அரவக்குறிச்சிக் காட்டில் ஈரம் என்றால் என்னவென்று குழாய்க்குத் தெரியாது. உங்களுக்கு ஆனி, ஆடியில் சாரல் நாள் கணக்கில் அடிக்கும். குழாயைத் தாழ்வாரத்துக்குள் கட்டு, மூன்று நாள் தீவனத்துக்கு மேல் போடாதே, அடியில் தீவனம் கட்டி பிடித்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடித்தால் அதில் ஆப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், கல்லீரலைத்தான் பிடிக்கும். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்தபோது காரணம் புரியாமல் தவித்தார்கள். கடைசியில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில்தான் போய் நின்றது. வாசனையில் துளி சந்தேகம் வந்தாலும் குப்பைக்குழிக்குப் போகட்டும். கோழிக்குத்தானே என்று நினைக்காதே, அந்த முட்டையைப் பேத்திதான் சாப்பிடப் போகிறாள். ராத்திரி எல்போ வாயையும் ஒரு மூடியால் அடைத்துவிடு, எலிக்குத் தீனி போட வேண்டாம்.

கிளிஞ்சலை உடைத்து ஒரு கொட்டாங்கச்சியில் தனியே வை. முட்டையிடுகிற கோழி ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தானே பொறுக்கிக்கொள்ளும். குஞ்சு பொரித்தால் அம்மாவின் கறையான் பானையையும் செய்து பார். பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் ஓலையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வை. விடிந்ததும் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டினால் அவை ஓடி வருகிற வேகத்தை நீ பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதே.

நிப்பிள் வாளியை நான் தூக்கி எறியவில்லை. துளை போட்டு மறுபடி தொங்கவிட்டிருக்கிறேன், பக்கத்தில் கேனும் இருக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், நிப்பிள் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறது. தினம் காலையில் நாலையும் விரலால் தட்டி, நாலும் சொட்டினால்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன். அம்மாவும் திண்ணையில் இருந்தபடி கேட்டு உறுதி செய்துகொள்கிறாள்.

சரி, உன்னிடம் ஒரு வேலை. ஆறில் பெரியது எதுவோ அது நிமிர்ந்து நிற்கும்போது தரையில் இருந்து முதுகு வரை அளந்து எழுது. தம்பி மகன் வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போகிறான், திரும்பும்போது உங்கள் வீட்டுக்கு வருவான். குழாயை வெட்டி, எல்போ ஒட்டி, அளவுக்குக் கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறேன். சுவரில் கட்டுகிற கம்பியை மட்டும் நீ வாங்கி வை.

அன்புடன்,
மல்லிகா