பிறந்தநாள் சாப்பாடு போட நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பாப்பாவின் முதல் பிறந்தநாளைக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் கொண்டாடப் போவதாகச் சொன்னாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இல்லத்தில் வளர்ந்தவன் நான். அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணி வரும். வரிசையாக உட்கார்ந்து, யாரென்றே தெரியாத குழந்தைக்கு வாழ்த்துப் பாடுவோம். அப்பா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையைப் பிடித்துக் கேக் வெட்டுவார். பிரியாணி ருசி மறந்துவிட்டது. அந்தக் கை மறக்கவில்லை. அன்று இரவு சின்னப் பையன்கள் சிலர் தூங்க மாட்டார்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை கணக்குச் சொல்லித்தர ஒருவர் வருவார். வெறுங்கையோடுதான் வருவார். போன முறை நான் எந்தக் கணக்கில் தடுமாறினேன் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். அவர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். உன்னாலும் அப்படிப் போய்வர முடிந்தால் போ. போட்டோ மட்டும் எடுத்துப் போடாதே. இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம்.

அப்புறம் இன்னொன்று. எனக்கு அம்மா இருந்தார். சித்தாள் வேலை. வாடகை கொடுத்தால் சோற்றுக்கு இல்லை என்றுதான் என்னைக் கொண்டுபோய் விட்டார். இல்லங்களில் இருக்கும் எல்லோரும் யாருமற்றவர்கள் இல்லை, தம்பி. என்னைப் போல வறுமையால் வந்தவர்கள் நிறைய.

உன் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, கணவர் இறந்தபிறகு பையனை இல்லத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னாரே? அவரை முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துப் போ. பிள்ளை வீட்டிலேயே வளர, 'மிஷன் வாத்சல்யா' என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்கென்று இருக்கும் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும், நாளாகலாம். அதுவரை பிரியாணிக்கு வைத்திருக்கும் பணம் அவர் வாடகைக்கு உதவும்.

கணவரின் இறப்புச் சான்றிதழ், ஆதார், பையனின் பள்ளிச் சான்று எல்லாம் எடுத்துவைக்கச் சொல். வருமானச் சான்றிதழுக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். இ-சேவை மையத்துக்கு அவரைத் தனியாக அனுப்பாதே, நீயும் கூடப் போ.

அன்புடன்,
அண்ணன்