சத்தம் கூட்டுவது வேறு, பாரம் குறைப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைக்கை மாற்றி ஓட்டுகிறவர்கள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், உள்ளே இருப்பதை உருவிய சைலன்சரோடு கோரிப்பாளையம் சிக்னலில் காது கிழிய முறுக்குகிறவர்களும், அப்பாவின் புல்லட்டை இரண்டு வருடம் பட்டறையில் போட்டு மீட்டெடுத்த என்னைப் போன்றவர்களும் ஒன்றா?

என்னுடையது 1986 மாடல் 350 சிசி வண்டி. இரும்பு சிலிண்டர், வலது காலில் கியர். அப்பா காலத்தில் ஒவ்வொன்றாக மாட்டிய கிராஷ் கார்டு, பக்கப்பெட்டி, விண்ட் ஷீல்டு, இரட்டை ஹாரன் எல்லாவற்றையும் கழற்றினோம். முதலில் கொடுத்த பட்டறையில் டேங்கின் துருவுக்கு மேலேயே பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், அடுத்த சித்திரை வெயிலில் அந்தப் பெயிண்ட் வெடித்துவிட்டது. அப்புறம் வேறொரு டிங்கர் தகரம் தெரியச் சுரண்டி முதலிலிருந்து செய்தார். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாலைந்து வாரம் அலைந்து பேட்டரி மின்னோட்டத்தைக் காட்டும் பழைய ஆம்பியர் மீட்டர் ஒன்று வாங்கினேன். டேங்கில் ஸ்டிக்கர் கிடையாது, தங்க நிறத்தில் ஒரே கோடு. கடைப் பலகை எழுதும் பெரியவர் ஒருவர் நீள முடி பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்தார். புல்லட் செய்யும் சென்னைத் தொழிற்சாலையிலும் அந்தக் கோட்டைக் கையால்தான் இழுத்து வந்தார்கள்.

இன்றும் வண்டியைக் கிளப்ப, கிக்கரை மெதுவாக அமுக்கி, ஆம்பியர் முள் நடுவுக்கு வந்ததும், இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அமுக்கி, லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. நிதானமான தடதட சத்தம்தான், தெருவில் தூங்கும் குழந்தை எழுந்திருக்காது.

ஆனால் கழற்றக் கூடாதவை உண்டு. பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட், பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க மாட்டும் கார்டு மூன்றும் சட்டப்படி கட்டாயம். அழகுக்காக அதையெல்லாம் எடுத்துவிட்டு மனைவியை ஏற்றிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சேஸ், இன்ஜின் இரண்டையும் நாங்கள் தொடவில்லை, நிறமும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அதே கறுப்பு. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சரி, ஆனால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் தாழ்த்தினால், சீட்டை மெலிதாகத் தைத்தால் அதுவும் குற்றமா? பட்டறையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, எதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்று தமிழில் ஒரு பலகை எழுதி ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் வைக்க வேண்டும். வண்டியை நிறுத்தும் போலீஸாரும் அதன் வயதைப் பார்த்துச் சந்தேகப்படாமல் முதலில் சைலன்சரைச் சோதிக்கட்டும். உங்கள் நிருபர் ஒருமுறை அந்த டிங்கரையும், கோடு இழுத்த பெரியவரையும் நேரில் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.