194 சிரட்டை விளக்குகள்: ஊருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர் மக்களுக்கு வணக்கம்.

கடற்படை தினமான டிசம்பர் 4 அன்று மாலை நம் கடற்கரையில் 194 விளக்குகள் எரிந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அன்று காலையிலிருந்தே வாடைக்காற்று விட்டுவிட்டு வீசியது. மூன்று மணிக்கு ஒரு தூறலும் போட்டது. சரி, இந்த வருடம் மேடையில் நாலு வார்த்தை பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆறரை மணிக்குக் கடைசி விளக்கையும் ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், ஒன்றுகூட அணையவில்லை. நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதல் நன்றி நம் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு. வெறும் அகல் விளக்கை மணலில் வைத்தால் டிசம்பர் காற்றில் ஒரு நிமிடம்கூட நிற்காது. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மூடலாம் என்று நாங்கள் யோசித்தோம். குழுவின் தலைவி அக்கா அதைக் கேட்டதுமே மறுத்துவிட்டார். தேங்காய்ச் சிரட்டையின் ஆழமான பங்கை எடுத்து, உள்ளே ஒரு பிடி மணல் போட்டு, அகலை அதில் பதித்து, வாய்ப்பக்கம் காற்று படாத பக்கம் பார்க்கும்படி சாய்த்துப் புதைத்தால் சுடர் நிற்கும் என்றார். முதல் நாள் இரவே அவர் வீட்டுக் கொல்லையில் ஒன்றை ஏற்றிக் காட்டினார். அப்புறம் நாங்கள் எதுவும் பேசவில்லை. கொப்பரைக் களத்திலிருந்து சிரட்டைகள் வந்தன. வெல்டிங் பட்டறைத் தம்பிகள் இரண்டு இரவு கடையை மூடிய பிறகு உட்கார்ந்து அளவாக அறுத்துக் கொடுத்தார்கள். நார் சுரண்டியது, திரி திரித்தது, எண்ணெய் அளந்து ஊற்றியது எல்லாமே குழுவின் பெண்கள். 200 செய்து, நல்லதாக 194 பொறுக்கி எடுத்தோம்.

ஏன் 194 என்று அன்று பல பேர் கேட்டீர்கள். கூட்டத்தில் அவசரமாகச் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 4 வெற்றியின் நாள். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் அன்றைய இரவு நிபட், நிர்காட், வீர் என்ற நம் மூன்று சிறிய ஏவுகணைப் படகுகள் பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. 'ஆபரேஷன் டிரைடென்ட்' என்று அதற்குப் பெயர். நம் பக்கம் ஓர் உயிரும் போகவில்லை. அதனால்தான் 1972 முதல் அந்த நாளையே கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தப் போரில் கடற்படைக்கு டிசம்பர் 9 என்று இன்னொரு நாளும் உண்டு. குஜராத்தை ஒட்டிய தியுவுக்கு அப்பால் நீர்மூழ்கிகளைத் தேடிக்கொண்டிருந்த ஐ.என்.எஸ். குக்ரி என்ற நம் கப்பல், ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில், அதாவது தண்ணீருக்குள் பாயும் வெடிகுண்டில், அடிபட்டுச் சில நிமிடங்களில் மூழ்கியது. 67 பேர் பிழைத்தார்கள். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளுமாக மொத்தம் 194 பேர் போனார்கள். தன் மிதவை அங்கியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடே நின்றுவிட்ட கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் அதில் ஒருவர்.

கடற்படை தினம் என்றால் பெரும்பாலும் கராச்சியோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஐந்து நாள் தள்ளி நடந்ததால் குக்ரி விட்டுப்போகிறது. எனக்கு அது எப்போதுமே பொறுக்காது. நான் 1989-இல் ஒடிசாவின் சில்காவில் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தவன். பதினைந்து வருடச் சேவையில் பெரும்பகுதி நீராவிக் கப்பல்களின் பாய்லர் ரூமில் கழிந்தது. எங்களை ஸ்டோக்கர் என்பார்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வேலை. மேலே வர இரும்பு ஏணி, அதன் முடிவில் ஒரு மூடி. இருட்டில் அந்த ஏணியில் ஏறிய பழக்கம் இன்றும் என் காலில் இருக்கிறது. குக்ரியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அன்று ராத்திரி கீழே வாட்ச் என்ற முறைப் பணியில் நின்றவர்களைத்தான் நினைப்பேன். சில நிமிடம் என்பது அந்த ஏணிக்குப் போதாது.

இந்த இடத்தில் பெரியம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவருடைய கணவர் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்று, பல வருடம் முன்பே காலமானவர். விளக்குகளை வைக்க நான் கயிறு பிடித்து வரிசை போட்டிருந்தேன். அதிகாரிகளுக்கு முன்னால் 18, பின்னால் மாலுமிகளுக்கு 176. பெரியம்மா வந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏய்யா, கடலுக்குள்ள போன பெறவு ஆபீசர் என்ன, செய்லர் என்ன? எல்லாத்தையும் கலந்து வை" என்றார். பதினைந்து வருடம் அதிகாரிகளுக்குத் தனி மெஸ், எங்களுக்குத் தனி மெஸ் என்று பழகியவனுக்கு அது தோன்றவே இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கயிற்றை எடுக்கச் சொன்னேன். கேப்டன் முல்லாவின் விளக்கு எது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் அதுதான் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன்.

காலையில் மலர்வளையத்தைக் கடலுக்குக் கொண்டுபோன வள்ளத்தின் உரிமையாளர் அண்ணனுக்கும், கூட வந்த மூன்று பேருக்கும் அடுத்த நன்றி. அண்ணன் முதலில் சம்மதித்துவிடவில்லை. மன்னார் வளைகுடாவில் தொழில் செய்கிறவர்களுக்கு நேவி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எல்லையில் துப்பாக்கியோடு மறிக்கிற பக்கத்து நாட்டு நேவிதான், அதைச் சொல்லாமல் உன்னோடு வர முடியாது என்று நேராகவே சொன்னார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நான் குக்ரி கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "உடம்பு கிடைச்சுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கப்பலோடு போனவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. "நாளைக்கு எட்டு மணிக்கு வள்ளம் ரெடியா இருக்கும்" என்று எழுந்து போய்விட்டார். கடலில் காணாமல் போனவர்களுக்காகக் காத்திருக்கிற வீடுகள் நம் கரையிலும் உண்டு.

மலர்வளையம் கட்டிய பூக்கார அக்காவிடம் தெர்மாகோல் வளையம் வேண்டாம், ஒரு வாரத்தில் அது எங்கள் வலையில்தான் வரும் என்று சொன்னதும் அதே அண்ணன்தான். அக்கா பனையோலையை முறுக்கி வளையம் செய்து, சாமந்தியும் அரளியும் வைத்துக் கட்டினார். நாரைத் தவிர வேறு நூல் இல்லை. கரைக்குப் பக்கத்தில் போட்டால் வாடைக்குச் சாயங்காலத்துக்குள் மணலில் வந்து ஒதுங்கிவிடும் என்று அலை உடைகிற இடத்தைத் தாண்டி நெடுந்தூரம் கொண்டுபோனார்கள். அங்கே என்ஜினை நிறுத்தியதும் வந்த அமைதியில், அந்த நால்வரும் யாரும் சொல்லாமலே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். அன்று அவர்கள் தொழிலுக்குப் போகவில்லை. டீசல் பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார்கள். இந்த மடலையாவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு மிதவை அங்கிகள் கொடுத்து, அதைப் போட்டால்தான் வள்ளம் கிளம்பும் என்று கறாராக நின்ற கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலர்களுக்கும் நன்றி. நாற்காலியும் ஜெனரேட்டரும் தந்த பங்குத்தந்தை அவர்களுக்கும், இடம் ஒதுக்கிய ஊர்க் கமிட்டிக்கும், ஆறரையிலிருந்து கால் மணி நேரம் கடற்கரைத் தெருவிளக்குகளை அணைத்துவைத்த பஞ்சாயத்து ஊழியருக்கும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்த முன்னாள் ராணுவ நண்பர்களுக்கும் அதே அளவு நன்றி.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் டிவி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி மூன்று ஏவுகணைப் படகுகள் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சரியாக நான்கு ஏவுகணைக் கூடுகள். சமூக அறிவியல் டீச்சர் ஒவ்வொரு விவரத்தையும் என்னிடம் கேட்டுச் சரிபார்த்தார். அந்தப் படகுகள் துறைமுகத்தைக் காக்கச் செய்யப்பட்டவை, நெடுந்தூரம் போகும் எரிபொருள் அவற்றில் கொள்ளாது, அதனால் வழியில் பெரிய கப்பல்கள் அவற்றை இழுத்துக்கொண்டு போயின என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெரிய கப்பல்களான கில்தான், கச்சால் என்று இரண்டு மாணவர்கள் முன்னால் நடக்க, இடுப்பில் கயிறு கட்டிய மூன்று 'படகுகள்' பின்னால் வந்தன. பாகிஸ்தான் பக்கம் ஒட்டுக்கேட்டாலும் புரியக்கூடாது என்று, சோவியத் நாட்டில் பயிற்சி பெற்றிருந்த நம் ஆட்கள் வயர்லெஸ்ஸில் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பது வரலாறு. அதற்காகவே ஒரு பெண்பிள்ளை "அதீன், த்வா, த்ரி" என்று ரஷ்ய எண்களைப் பழகி வந்திருந்தாள். கில்தானின் கேப்டனாக இருந்து மகாவீர் சக்ரா என்ற வீர விருது பெற்ற கோபால் ராவ் தன் கடைசிக் காலத்தில் சென்னையில் இருந்தவர், 2021-இல் அங்கேதான் காலமானார் என்று டீச்சர் சொன்னபோது, பின்வரிசையில் ஒரு பையன் "நம்ம சென்னையிலயா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. கராச்சியும் தியுவும் அவனுக்குத் தொலைவாக இருந்திருக்கும். அந்த ஒரு கேள்வியில் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டன.

எழுபதைத் தாண்டிய எங்கள் சீஃப், அதாவது எங்கள் மூத்த மாலுமி, வந்ததுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 1971-இல் அவர் பழைய விக்ராந்தில் இளம் ஸ்டோக்கர். அந்தக் கப்பலின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் அப்போது விரிசல் இருந்தது. முழு வேகம் எடுக்க முடியாத விமானந்தாங்கிக் கப்பல் போருக்குப் போகலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் போனது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், இன்றைய வங்கதேசத்தில், உள்ள சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய விமானங்கள் அதன் தளத்திலிருந்துதான் கிளம்பின. அதைத் தேடி வந்த காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. சீஃப் இதையெல்லாம் மேடையில் பேசவில்லை. முட்டிவலியோடு பஸ் மாறி வந்து, சட்டைப்பையிலிருந்து போசன் பைப் என்ற கப்பல் ஊதலை எடுத்து, எட்டு மணிக்குக் கொடி ஏறும்போது ஊதினார். மூச்சு ஓரிடத்தில் உடைந்தது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஊதினார். நாங்கள் நேவிக்காரர்கள் பதினொரு பேரும் அட்டென்ஷனில் அப்படியே நின்றோம். சீஃப், அந்த இரண்டாவது மூச்சுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டில் என் மனைவிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பம்பாயில் இருந்த வருடங்களில் கடற்படை தின இரவுகளில் கப்பல்களுக்கெல்லாம் விளக்குச் சரம் போடுவோம். கேட்வே பக்கம் கூட்டம் கூட்டமாக வந்து பார்ப்பார்கள். என் மனைவியும் கைக்குழந்தையோடு அங்கே நின்று பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததில்லை. அந்த விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டரோடு கீழே வாட்சில் இருப்பேன். மறுநாள் வந்ததும் எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இந்த டிசம்பர் 4 அன்று தெருவிளக்கு அணைந்த அந்தக் கால் மணி நேரம், அவள் பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். அதைச் சாத்தியமாக்கிய உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மறுநாள் காலை பிள்ளைகள் சிரட்டைகளைப் பொறுக்கி, கழுவி, எண்ணி மூட்டை கட்டினார்கள். 187 முழுதாகக் கிடைத்தன. ஏழு உடைந்துவிட்டன. வீட்டில் நல்ல ஆழமான சிரட்டை இருந்தால் அடுப்பில் போட்டுவிடாமல் தலைவி அக்காவிடம் கொடுத்துவையுங்கள். அடுத்த டிசம்பருக்குள் ஏழும் சேர வேண்டும்.

அன்புடன்,
முன்னாள் கடற்படையினர் அனைவருக்காகவும்,
உங்கள் பழைய ஸ்டோக்கர்