ஒரே நாட்டில் இரு தலைமுறைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில் பின்லாந்து தொடர்ந்து 7ஆவது முறையாக முதலிடம் பெற்றதையே பலரும் பேசினோம். ஆனால் அதே அறிக்கை நாடுகளை வயதுவாரியாக வரிசைப்படுத்தியபோது, அமெரிக்காவில் 60 வயதைக் கடந்தோர் 10ஆவது இடத்திலும், 30 வயதுக்குக் கீழானோர் 62ஆவது இடத்திலும் இருந்ததே எனக்கு வியப்பளித்தது. லித்துவேனியாவிலோ நிலைமை தலைகீழ்: இளையோர் உலகிலேயே முதலிடம், சோவியத் ஆட்சியையும் 1990களின் பொருளாதாரச் சரிவையும் தாங்கிய மூத்தோர் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர்.

0 முதல் 10 வரை படிகளுள்ள ஏணியொன்றைக் கற்பனை செய்து, தம் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறதென்று அவரவரே சொல்வதுதான் இக்கணக்கு. கல்விக்கடனையும் வீட்டு வாடகையையும் ஒருசேரச் சுமக்கும் அமெரிக்க இளைஞர், கடன் அடைந்த சொந்த வீட்டில் வாழும் பெற்றோரைப் பார்த்தபடியே தம் படியைச் சொல்கிறார் என்பதை (பொருளாதார வளர்ச்சியை மட்டும் எண்ணுவோர் இதைக் கவனிப்பதேயில்லை) தலையங்கங்களாவது எடுத்துக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி